கூடைப்பந்தில் 'பிக் மேன்' புள்ளி எடுக்காவிட்டாலும் ஏன் பாராட்டப்படுகிறார்?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் 3.05 மீட்டர் உயர வளையத்தை ஒட்டியே ஆடும் நெட்டை வீரரைத்தான் 'பிக் மேன்' என்பார்கள். மொரிஷியஸில் அந்த ஆட்டங்களை நேரலையில் பார்க்க விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியிருக்கிறது. அரைத் தூக்கத்தில் பந்தை மட்டுமே பார்ப்போம். அங்கேதான் இவரைத் தவறவிடுகிறோம்.

இவர் வேலையில் பாதி ஆட்டக் குறிப்பில் ஏறாது. பந்து வளையத்தில் பட்டுத் திரும்பும்போது எதிராளியை முதுகால் தடுத்து நிற்பார். பந்தை எடுப்பவர் சக வீரர். கணக்கும் அவர் பெயரில். வேறொருவர் தடையின்றிக் கூடையில் எறிவதற்காக, துரத்தி வருபவரின் வழியில் தூணாக நிற்பதும் இவரே. மோதலின் வலி மட்டும் இவருக்கு.

மொரிஷியஸின் காத்ர் போர்ன் நகரில் தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலைக் கோவிலுக்குக் காவடி ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லார் கண்ணும் காவடியில்தான். கூட்டத்தை விலக்கி முன்னே நடக்கும் மாமாவை யார் படம் எடுக்கிறார்கள்?

பிக் மேன் தூணாக நின்று வழிமறிப்பது தவறாட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அசையாமல் நின்றால் விதிப்படி சரியே, நகர்ந்து இடித்தால்தான் தவறு.