பவர் பத்திரம் இருக்கிறதே, லிவிங் வில் எதற்கு?

கேள்வி: என் மாமியாருக்கு 74 வயது, முற்றிய புற்றுநோய். நினைவு தெளிவாக இருக்கிறது. "எனக்கு வென்டிலேட்டர் வைக்காதீங்க" என்கிறார். கவனித்துக்கொள்வது நான். எனக்குப் பவர் எழுதித் தந்திருக்கிறார். கொழுந்தனாரோ கடைசிவரை எல்லாச் சிகிச்சையும் கொடுக்க வேண்டும் என்கிறார். பவர் பத்திரம் போதுமா?

பதில்: போதாது. எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால், ஒப்பந்தச் சட்டம் 201ஆவது பிரிவின்படி பவர் முடிந்துவிடும். அது உங்களுக்குத் தேவைப்படப்போவதே அந்த நேரத்தில்தான். சொத்து உயிலும் மரணத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும்.

உங்களுக்கு வேண்டியது லிவிங் வில்; அதாவது, தானே முடிவு சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் ஆவணம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது; 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மாஜிஸ்திரேட் கையொப்பம் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மாமியார் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். சாட்சிகள் குடும்பத்துக்கு வெளியே இருப்பது நல்லது. எந்த மதத்தவருக்கும் இதே முறைதான்.

பெரும்பாலும் தவறு நடப்பது வாசகத்தில். "நிம்மதியாகப் போக விடுங்கள்" என்று எழுதினால் மருத்துவக் குழுவுக்கு ஒன்றும் புரியாது. தெளிவில்லாத ஆவணத்தை அவர்கள் செயல்படுத்த மாட்டார்கள். குணமாகும் வாய்ப்பில்லாத நிலையில் வென்டிலேட்டர், டயாலிசிஸ், சி.பி.ஆர். (நின்ற இதயத்தை மீண்டும் இயக்க மார்பை அழுத்துவது), குழாய்வழி உணவு ஆகியவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வலி நீக்கும் மருந்து தொடர வேண்டும் என்பதையும் சேருங்கள். அவருக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதி, கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டுங்கள்.

அவர் சார்பில் சம்மதம் தருபவராக உங்கள் பெயரையும், விரும்பினால் இன்னொருவர் பெயரையும் அவர் குறிப்பிட வேண்டும். கொழுந்தனாரின் மறுப்பைப் பொறுத்தவரை உங்களுக்கு உதவுவது இந்த வரிதான். இப்படி ஒருவரை நியமிக்காவிட்டால் மருத்துவமனை நெருங்கிய உறவினரின் சம்மதத்தைத் தேடும். மகன்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் டாக்டர்கள் தயங்குவார்கள். ஆகவே கொழுந்தனாரையும் உட்கார வைத்து, அம்மா வாயாலேயே சொல்லக் கேட்கச் செய்யுங்கள்.

பீரோவில் பூட்டி வைக்காதீர்கள். ஆவணம் உண்மையானதா என்று மருத்துவமனை சரிபார்க்கும். அதனால் உள்ளாட்சி அலுவலகத்திலும் குடும்ப டாக்டரிடமும் நகல் இருக்கட்டும்.

ஆவணத்தைக் காட்டியதும் கருவியை எடுத்துவிட மாட்டார்கள். முதலில் சிகிச்சை தரும் டாக்டரும் குறைந்தது இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு, பிறகு புதிய உறுப்பினர்களோடு இரண்டாம் குழு பரிசீலிக்கும். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும். செயல்படுத்துமுன் மருத்துவமனை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தரும். இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

மாமியார் மனம் மாறினால் எழுத்து மூலம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆனால் எழுதுவது, தெளிவோடு இருக்கும்வரைதான் முடியும். இந்த வாரமே நோட்டரியைப் பாருங்கள்.