பட்டியல் ஒப்பிக்கிறார்கள், கட்டுரையில் சொல் வரவில்லை

உங்கள் பதினோராம் வகுப்பு மாணவர்கள் வாரம் 50 ஆங்கிலச் சொற்களை ஒப்பித்தும் கட்டுரையில் ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் மீது தவறில்லை. பொருளை மட்டும் படித்த சொல் வாசிக்கும்போது புரியும். எழுதும்போது கைக்கு வராது.

வாரத்துக்கு 10 சொற்கள் போதும். அரிய சொற்களைத் தேடி அலையாமல், அவர்கள் படிக்கும் பாடங்களிலிருந்தே எடுங்கள். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால், ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட அகாடமிக் வேர்ட் லிஸ்ட்டோடு, அதாவது கல்விசார் நூல்களில் அடிக்கடி வரும் ஆங்கிலச் சொற்களின் பட்டியலோடு, ஒப்பிடுங்கள். 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் பிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) அதில் உண்டு.

முக்கியமானது, எந்தச் சொல் எதனோடு சேரும் என்பது. 'மிட்டிகேட்' என்பதை 'குறைத்தல்' என்று மட்டும் குறித்துக்கொண்ட மாணவர், 'மிட்டிகேட் மை வெயிட்' என்று எழுதிவிடுவார். ரிஸ்க், டேமேஜ், இம்பாக்ட் ஆகியவற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை எழுதச் சொல்லுங்கள். அட்டையின் முன்பக்கம், சொல்லின் முதல் எழுத்தை மட்டும் காட்டி மீதியைக் கோடிட்ட வாக்கியம். பின்பக்கம் சொல், அதனோடு சேரும் இரண்டு துணைச்சொற்கள், 'மிட்டிகேஷன்' என்ற பெயர்ச்சொல் வடிவம். மறுநாள், 3, 7, 21ஆம் நாள் என்று திருப்பிப் பார்க்கட்டும். மறந்த அட்டை மட்டும் மறுபடி முதலிலிருந்து.

'அஃபெக்ட்', 'எஃபெக்ட்' போன்ற ஜோடிகளை ஒரே நாளில் தயவுசெய்து நடத்தாதீர்கள், இரண்டும் கலந்துவிடும். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு மற்றது.

வெள்ளிக்கிழமை தேர்வுக்குப் பதிலாக 120 சொற்களில் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள், அந்த வாரச் சொற்களில் மூன்றைப் பயன்படுத்தி. துணைச்சொல் பொருந்தினால்தான் மதிப்பெண்.