நியூட்ரோபில் கூடினால் சிகிச்சை பலிக்காதா?

கேள்வி: என் மாமியாருக்குக் கீமோதெரபி தொடங்குமுன் எடுத்த இரத்தப் பரிசோதனையில், இரத்த வெள்ளையணு வகைகளான நியூட்ரோபில் 7.2, லிம்போசைட் 1.2 என்றிருந்தது. இவற்றின் விகிதம் கூடினால் மருந்து பலிக்காது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: 7.2ஐ 1.2ஆல் வகுத்தால் 6, கூடுதல்தான். 40,000க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பற்றிய 100 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, இவ்விகிதம் ஏறத்தாழ 4 என்ற எல்லையைத் தாண்டியவர்களின் ஆயுள் பொதுவாகக் குறைந்திருந்ததைக் காட்டியது. ஆனால் அது கூட்டத்தின் கணக்கேயன்றி உங்கள் மாமியாரின் ஜாதகம் அன்று. மேலும், வீக்கத்தைக் குறைக்கவோ வாந்தியைத் தடுக்கவோ கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து, நியூட்ரோபிலை உயர்த்தி லிம்போசைட்டைத் தாழ்த்திவிடும். சாதாரணச் சிறுநீர்த் தொற்றும் அவ்வாறே செய்யக்கூடும். இந்த ஓர் எண்ணை வைத்து மட்டும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. பரிசோதனைக்கு முந்தைய நாள்களில் அவர் உட்கொண்ட மாத்திரைகளையும், காய்ச்சல் இருந்ததா என்பதையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.