கனடிய ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸின் ஆல்பங்களில் எவற்றை முழுதாகக் கேட்கலாம்?

ஒன்றே ஒன்று என்றால் 1984இல் வந்த 'ரெக்லெஸ்'. இன்னொன்றுக்கும் இடமுண்டு என்றால் 1997இன் 'அன்பிளக்டு'. மற்ற ஆல்பங்களில் நல்ல பாட்டுகளைப் பொறுக்கிக்கொண்டால் போதும் என்பது என் கட்சி.

பெங்களூரில் இருக்கிறேன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 'சம்மர் ஆஃப் 69' உங்களுக்கும் சலித்திருக்கும். சர்ச் ஸ்ட்ரீட் பக்கம் எந்தப் பப்பில் பேண்ட் வாசித்தாலும் யாராவது அதைக் கேட்டு வாங்கிவிடுவார்கள். அதனாலேயே அது இருக்கும் ஆல்பத்தை முழுதாகக் கேட்டவர்கள் குறைவு. அல்சூர் வீட்டில் சித்தப்பாவின் இளையராஜா கேசட்டுகளுக்கு நடுவே 'ரெக்லெஸ்' ஒன்று கிடந்ததால் எனக்கு அந்த வாய்ப்பு வந்தது.

பத்துப் பாட்டு, 38 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இட்டு நிரப்பியதாக ஒன்றும் இல்லை. 'ரன் டு யூ' தொடக்கத்தில் கிட்டார் மட்டும் தந்தி தந்தியாக வரும்; டிரம்ஸ் சேர்ந்ததும் பாட்டின் எடையே மாறிவிடும். முதலில் ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவுக்காக எழுதிய பாட்டு அது, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். 'இட்ஸ் ஒன்லி லவ்' பாட்டில் கூடப் பாடும் அமெரிக்கப் பாடகி டீனா டர்னர் வாயைத் திறந்ததும் ஆடம்ஸே கொஞ்சம் பின்வாங்குவதுபோல இருக்கும். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஆல்பத்தின் பலம் ஜிம் வாலன்ஸ். பாட்டுகளை ஆடம்ஸோடு சேர்ந்து எழுதியவர். அடுத்து வந்த 'இன்டூ தி ஃபயர்' (1987) வரை இந்த ஜோடிதான். அதில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களைப் பற்றி 'ரிமெம்பரன்ஸ் டே' என்று ஒரு பாட்டு உண்டு. முந்தையதைப் போல விற்கவில்லை, பப்பிலும் யாரும் கேட்பதில்லை; ஆனால் அந்த ஆல்பத்துக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றே சொல்வேன்.

அப்புறம் தயாரிப்பாளர் மட் லாங்கே வந்தார். 'வேக்கிங் அப் தி நெய்பர்ஸ்' (1991) ஆல்பத்தில்தான் 'எவ்ரிதிங் ஐ டூ' இருக்கிறது. பிரிட்டனில் தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு. வெளிநாட்டுக்காரரான லாங்கேயோடு சேர்ந்து எழுதியதால், கனடா வானொலி விதிகளின்படி ஆல்பத்தின் பாட்டுகள் கனடியப் பாட்டாகவே கணக்கில் வராமல் அங்கே பெரிய சண்டை நடந்தது. ஆல்பம் எப்படி? நீளம். 15 பாட்டு, ஏறக்குறைய 75 நிமிடம். ஒவ்வொரு பல்லவியிலும் குரல்மேல் குரலாக அடுக்கி, டெஃப் லெப்பர்டு என்ற ராக் குழுவுக்குச் செய்த அதே வேலையை லாங்கே இங்கேயும் செய்திருக்கிறார். பாதிக்குமேல் எது எந்தப் பாட்டு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

1996இன் '18 டில் ஐ டை'யில் ஸ்பானிய ஃபிளமெங்கோ கலைஞர் பாக்கோ டி லூசியாவின் கிட்டாருக்காக 'ஹேவ் யூ எவர் ரியலி லவ்டு எ உமன்' கேளுங்கள். 36 வயதில் பதினெட்டு என்று தலைப்பு வைத்த தைரியத்துக்கு ஒரு கும்பிடு.

'அன்பிளக்டு' வேறு ரகம். லாங்கே பாணிப் பூச்சு எதுவும் இல்லாமல், ஜூலியார்ட் இசைப்பள்ளி மாணவர்களின் வயலின்களோடும் டேவி ஸ்பில்லேனின் ஐரிஷ் பைப்போடும் பழைய பாட்டுகளை எடுத்திருக்கிறார்கள். 'கட்ஸ் லைக் எ நைஃப்' 1983இல் கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதற்கான பாட்டு. இங்கே அது நிதானமாகிறது, சொரசொரப்பான அந்தக் குரல் பக்கத்தில் கேட்கிறது. ஹெட்ஃபோனில் கேட்பது நல்லது.

2004இன் 'ரூம் சர்வீஸ்' பெரும்பாலும் ஓட்டல் அறைகளில் பதிவானது. அந்தக் கதை தவிர அதில் மனதில் நிற்பது குறைவு. 2015இன் 'கெட் அப்' வேண்டுமானால் கேட்டுப்பாருங்கள்: மறுபடியும் வாலன்ஸோடு சேர்ந்து எழுதிய ஒன்பது புதுப் பாட்டுகள், தயாரிப்பு ஜெஃப் லின். நெரிசலுக்குப் பேர்போன நம் சில்க் போர்டு சிக்னல் தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.