பிளேட்லெட் தானம்: எண்ணிக்கையோடு இரும்பையும் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. மூன்று வருடமாக மாதம் ஒருமுறை, இயந்திரம் வழியாகப் பிரித்தெடுக்கும் அஃபெரிசிஸ் முறையில் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) கொடுக்கிறேன். போன முறை கொடுப்பதற்கு முன் 2,40,000 இருந்த எண்ணிக்கை, முடித்ததும் 1,80,000 ஆகிவிட்டது. ரத்தம் பலவீனமாகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: இந்த எண்ணிக்கைக்காக நிறுத்த வேண்டாம். ஒருமுறை கொடுத்தால் கால்வாசி வரை குறைவது எதிர்பார்த்ததுதான். கொடுத்த பிறகும் 1,00,000-க்குக் கீழே போகாதபடி கணக்குப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பிளேட்லெட்டின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான். நீங்கள் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எலும்பு மஜ்ஜை தினமும் புதிதாகத் தயாரித்துக்கொண்டே இருக்கும். மொத்த பிளேட்லெட்டில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும், அதிலிருந்தும் கொஞ்சம் வெளியே வரும். சில நாட்களில் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவீர்கள். மாதம் ஒருமுறை என்பது தாராளமான இடைவெளி.

நான் கேட்க நினைப்பது வேறு: உடம்பில் இரும்பு எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இயந்திரம் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, பிளேட்லெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களை உடம்புக்கே திருப்பி அனுப்புகிறது. ஆனால் முழுவதும் திரும்பி வருவதில்லை. குழாய்களில் கொஞ்சம் தங்கிவிடும், பரிசோதனைக் குப்பிகளிலும் கொஞ்சம் போகும். ஒரு தடவைக்கு அது சொற்பம். வருடம் 12 தடவை, அதுவும் மூன்று வருடம் என்றால் சொற்பம் என்று விட முடியாது. சிவப்பணுவோடு இரும்பும் போகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், இருப்பில் உள்ள இரும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் ஹீமோகுளோபின் ரொம்ப நாள் சரியாகவே காட்டும். தானத்துக்கு முன் விரலில் குத்திப் பார்த்து 'நார்மல்' என்று சொல்வதை வைத்து இரும்பும் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் தெரியாத அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது எல்லாம் இதனாலும் வரலாம். ஃபெரிட்டின் 30 ng/mL-க்குக் கீழே இருந்தால் கொஞ்ச காலம் தானத்தைத் தள்ளிப்போட்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்களாக இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். மாதவிடாய் உள்ள பெண்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

அப்புறம், கொடுக்கும்போது உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் சுருசுருவென்று வருமே, அதற்குக் காரணம் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட். அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வந்தவுடன் அங்கே இருப்பவர்களிடம் சொல்லுங்கள். ரத்தம் திரும்பி வரும் வேகத்தைக் குறைத்து, கால்சியம் மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போவது தவறு.

வெள்ளையணு பற்றியும் ஒரு வார்த்தை. சில இயந்திரங்களில் வெள்ளையணுக்களைத் தடுத்து வைக்கும் ஓர் அறை உண்டு, அதில் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளையணு வகை சிக்கிக்கொள்ளும். வருடத்துக்கு 20 முறையோ அதற்கு மேலோ கொடுப்பவர்கள் சிலரிடம், லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகையான டி-செல்கள் மிகவும் குறைந்திருந்ததை 2019-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதனால் அவர்களுக்குத் தொற்று அதிகமானதாகத் தெரியவரவில்லை. என்றாலும் பல நாடுகளில் அனுமதிக்கும் வருடத்துக்கு 24 என்ற உச்ச வரம்பைத் தொட்டே ஆக வேண்டும் என்று ஓடாதீர்கள்.

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைக் கொடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு. தண்ணீர்ச்சத்து ஓரிரு நாளில் ஈடாகிவிடும், புரதம் ஏற இன்னும் நாளாகும். அடிக்கடி கொடுத்தால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குறையலாம் என்பதால் அவற்றை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

அடுத்த தானத்துக்குப் போகும் முன் ஃபெரிட்டினும் முழு ரத்த எண்ணிக்கையும் பார்த்துவிடுங்கள். பழைய முடிவுகளையும் ரத்த வங்கியில் கேட்டு வாங்கி, வருட வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் வீட்டில் காட்டிவிட்டு வழக்கம்போலக் கொடுங்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு உங்களைப் போன்ற ஒருவர் ஒரே அமர்வில் கொடுப்பது, ஐந்தாறு பேரின் ரத்ததானத்திலிருந்து பிரித்தெடுப்பதற்குச் சமம்.