மூக்கில் ‘சதை’ என்றால் எந்தச் சதை?

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை. நாலு வருஷமாக மூக்கடைப்பு. ராத்திரி சொட்டு மருந்து விட்டால்தான் தூக்கம். ஒரு தனியார் மருத்துவமனையில், “சதை வளர்ந்திருக்கிறது, லேசரில் எடுத்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். பேக்கேஜ் 45,000 ரூபாய், இந்த வாரம் முன்பணம் கட்டினால் சலுகை” என்கிறார்கள். கட்டலாமா?

பதில்: இந்த வாரம் கட்டாதீர்கள். மூக்கடைப்பு சிகிச்சையில் நாள் குறித்துத் தரும் சலுகைக்கு எந்த மருத்துவக் காரணமும் கிடையாது.

முதலில், எந்தச் சதை என்று கேளுங்கள். நம் ஊரில் மூன்று வேறு வேறு சமாச்சாரங்களுக்கு இந்த ஒரே சொல்தான். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற மடிப்புகள் எல்லோருக்கும் உண்டு. கீழே இருக்கும் பெரியது தூசியாலும் ஒவ்வாமையாலும் வீங்கி அடைக்கும். பாலிப் என்பது வேறு. சைனஸ் பக்கமிருந்து வெளிறிய திராட்சைபோல் தொங்கும். மூன்றாவது அடினாய்டு, மூக்கின் பின்கோடியில் இருக்கும் சதை, பெரும்பாலும் குழந்தைகளுக்கு. இவை போக, இரண்டு துவாரங்களையும் பிரிக்கும் நடுத்தண்டு வளைந்தும் இருக்கலாம். ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை இன்னொன்றுக்கு உதவாது. எண்டோஸ்கோப் என்ற மெல்லிய கேமராக் குழாயை விட்டுப் பார்த்து, எது அடைக்கிறது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். டார்ச் அடித்துப் பார்த்ததை வைத்து அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சொட்டு மருந்து விட்டதும் மூக்கு திறக்கிறது என்பதால், உங்களுக்கு டர்பினேட் வீக்கம்தான் முக்கியக் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். தண்டு வளைவு சொட்டு மருந்துக்கு அசையாது. ஆனால் அந்த மருந்தே இப்போது உங்களுக்கு நோயாகியிருக்கலாம். ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் வகைச் சொட்டுகளை ஐந்து நாளுக்கு மேல் விட்டால், மருந்தின் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக வீங்கும். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு துவாரத்தில் முதலில் நிறுத்துங்கள். அது தேறியதும் மறுபக்கம். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். கூடவே வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே (ஃப்ளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன்) எழுதித் தருவார்கள். நாலு நாளில் “வேலை செய்யவில்லை” என்று தூக்கிப் போடாமல், தினமும் விடாமல் நாலு முதல் ஆறு வாரம் அடியுங்கள். தலையைச் சற்றுக் குனிந்து, வலக்கையால் இடது துவாரம், இடக்கையால் வலது துவாரம். முனை காதுப் பக்கம் பார்க்கட்டும். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும், பலனும் குறையும்.

வேலை முடிந்ததும் மூக்கைக் கழுவுங்கள்: 240 மில்லி தண்ணீர், அரை டீஸ்பூன் அயோடின் கலக்காத உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா. தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். போர்வெல், குழாய்த் தண்ணீரை நேரடியாக ஏற்றாதீர்கள். அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருந்தால் உயிருக்கே ஆபத்து. பட்டறையில் முகத்தில் கட்டும் துண்டு கல் தூளைத் தடுக்காது, என்95 முகக்கவசம் வேண்டும். அந்தத் தூள் மூக்கோடு நிற்பதில்லை, நுரையீரலுக்கும் போகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் அடைப்பு தீரவில்லையென்றால் டர்பினேட்டைச் சுருக்கலாம், நல்ல சிகிச்சைதான். மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய கம்பியை மடிப்பின் உள்ளே செலுத்தி, ரேடியோ அலையாலோ, குறைந்த வெப்பத்தில் சதையைக் கரைக்கும் கோப்ளேஷன் முறையாலோ உட்சதையைச் சுருக்குவார்கள். மேல்தோல் பிழைத்திருக்கும், அதுதான் இதன் சிறப்பு. லேசர் பெரும்பாலும் மேற்பரப்பையே சுடுவதால் பொருக்கு அதிகம் கட்டும். டர்பினேட்டைச் சுருக்கிய முதல் வாரம் அடைப்பு கூடும், பயப்பட வேண்டாம். முழுப் பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஒரு வாரம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மலும் அரிப்பும் இதனால் போகாது, தூசியில் தொடர்ந்து நின்றால் சில வருஷத்தில் வீக்கம் திரும்பலாம். “முழுசாக எடுத்துவிடலாம்” என்றால் மட்டும் மறுத்துவிடுங்கள். டர்பினேட்டை அதிகம் வெட்டினால் மூக்கு வறண்டு, உள்ளே இடம் இருந்தும் காற்றே வராததுபோல் திணறும். அதைத் திருப்பிச் சரிசெய்வது மிகக் கடினம்.

எஸ்டிமேட்டில் சிகிச்சையின் பெயர், ஒரு பக்கமா இரு பக்கமா, மயக்க மருந்து, எண்டோஸ்கோப், பின்பரிசோதனை எல்லாம் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள். கோப்ளேஷன் கம்பி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. அதற்கு முழு விலை போட்டால், புதுக் கம்பிதான் என்பதற்கு அடையாளமாக, உறையிலுள்ள லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தர்மபுரியில் இருக்கிறோம். மருத்துவக் காப்பீடு எடுத்து 14 மாதம். தண்டு வளைவு அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் இப்போது கிடைக்காது. சைனஸ், தண்டு வளைவு போன்றவற்றைப் பல பாலிசிகள் 24 மாதக் காத்திருப்புப் பட்டியலில் வைத்திருக்கின்றன. பாலிசிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். அவசரமில்லாத சிகிச்சை என்றால் காத்திருப்பதே லாபம். காத்திருப்பு முடிந்த பிறகும், மரத்துப்போகும் ஊசியோடு வெளிநோயாளியாகச் செய்தால் மறுக்கக்கூடும், ‘டே கேர்’ (சேர்ந்த அன்றே வீடு திரும்பும் சிகிச்சை) அனுமதியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்கூட்டியே வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. உங்கள் சிகிச்சை அதில் வருமா என்று 1800 425 3993 எண்ணிலோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவிலோ கேளுங்கள்.

கேள்வி: ஓசூர். பெங்களூரில் மூக்கடைப்புக்கு பலூன் வைக்கலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: பலூன் சைனஸ் வாயை விரிப்பதற்கு. டர்பினேட் வீக்கத்தையோ தண்டு வளைவையோ அது தொடாது. சிடி ஸ்கேனில் சைனஸ் அடைப்பு தெரியவில்லையென்றால் வேண்டாம். ஒரே பக்கம் அடைத்து, ரத்தமும் வந்தால் மட்டும் தாமதிக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்; அப்போது விலை விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது.