சென்னையில் என் கொள்கைக்கு ஒத்துவரும் ஏரியாவில் வீடு பார்ப்பது எப்படி?

சாதி, மதம் பார்க்காத அக்கம்பக்கம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்தல் முடிவை வாக்குச்சாவடி வாரியாகக் காட்டும் படிவம் 20-ஐப் பார்த்தால் எந்த வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் கட்சிக்கே ஓட்டுப் போடுகிற வீட்டுக்காரரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை எடுப்பார்.

மயிலாப்பூர் பக்கம் எங்களுக்கு அட்வான்ஸ் வரை பேசி முடிந்துவிட்டது. கருவாடு சமைப்போம் என்று மனைவி சொன்னதும் சாவி ஆணிக்குத் திரும்பிப் போனது. இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் முதலில் தெருமுனை டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள், பேச்சைக் கேளுங்கள். ஏற்கெனவே அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் விசாரியுங்கள். அப்புறம், அந்த ஏரியாவின் வார்டு கவுன்சிலர் போனை எடுப்பாரா என்றும் கேளுங்கள்.